தொட்டியில பாசி இருக்கு, பாத்துக்கோங்க

பிப்ரவரி 2, ஞாயிறு

டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் வருடாவருடம் எங்கள் கடைக்குக் கொடுக்கும் டைரிகளைச் சூடான பாத்திரம் இறக்கி வைக்கத்தான் இதுவரை பயன்படுத்தி வந்தேன். இன்று முதல் எழுதுவதென்று முடிவு. இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஆளில்லை என்பதே காரணம். மனைவி சுகந்திக்கு ஆஸ்பத்திரி லேபில் இரண்டாம் ஷிஃப்ட். அவளுடைய மகள் தூரிகா என்னோடு பேசுவதில்லை. மிச்சமிருப்பது மீன் தொட்டியில் குடியிருக்கும் தாசில்தார். அவரும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு எனக்கு வயிற்றைக் காட்டியபடி இருக்கிறார்.

தாசில்தார் என்பது கறுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும் அந்த சக்கர் மீன். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராததால் அந்தப் பெயர். வைத்தவர் ஞானவேல், தூரிகாவின் அப்பா. காலமாகி நான்கு வருடம் ஆகிறது. தொட்டி அவருடையது. மீன்கள் அவருடையவை. மகளும் அவருடையவள்தான். தை மாதம் வயலூர் கோயிலில் தாலி கட்டி, நாற்பத்தெட்டு வயதில் பிரம்மச்சரியத்தை முடித்துக்கொண்ட குமரகுருபரனாகிய நான் இதில் கடைசியாக வந்து சேர்ந்த சாமான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தூரிகா ஏன் பேசுவதில்லை என்று கடைப் பையன்களிலிருந்து எதிர்வீட்டுக்காரர்வரை கேட்கிறார்கள். 'வயசு அப்படி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். டைரியிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னாலும் பிரயோசனமில்லை.

போன மாதம் அவர்கள் சாமான்கள் கருமண்டபத்துக்கு, என் வீட்டுக்கு, வந்து இறங்கிய அன்று சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, தொட்டியில பாசி இருக்கு, பாத்துக்கோங்க."

நான் பார்த்துக்கொண்டேன். மீன்களை ஒரு வாளிக்கு மாற்றினேன். தொட்டிக்குள் ஒரு பெரிய மரக்கட்டை, அதன்மேல் ரத்தினக் கம்பளம் மாதிரி பச்சையாக மொத்தமாகப் பாசி. இவ்வளவு பாசி பிடிக்கும்வரை பாவம் கழுவ ஆளில்லாமல் இருந்திருக்கிறார்களே என்று மனம் இளகிப்போனது. தரையில் சிமெண்ட் கறை எடுக்கக் கடையில் வைத்திருக்கும் சுரண்டியைக் கொண்டுவந்து, மதியம் முழுக்க உட்கார்ந்து சுரண்டினேன். கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த இலைச்செடிகளையும் களை என்று பிடுங்கி இன்னொரு வாளியில் போட்டேன். பிறகு தேங்காய் நார். மாலையில் தூரிகா டியூஷனிலிருந்து வந்தபோது கட்டை புதுப் பூரிக்கட்டை மாதிரி இருந்தது. பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பாவோட பாசி" என்றாள். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, கட்டையிடம் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த பாசி இரண்டு. கிணற்றுப் படியில் ஆளை வழுக்கி விழவைப்பது ஒன்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பிடிப்பது ஒன்று. பாசிப்பயறையும் பாசிமணியையும் சேர்த்தால் நான்கு. ஆசை ஆசையாக வளர்ப்பதற்கென்று ஐந்தாவதாக ஒரு பாசி உண்டு, அதை ஒரு மனிதர் வருடக்கணக்கில் கட்டையில் படரவிட்டிருக்கிறார் என்று நான் கண்டேனா? 'பாத்துக்கோங்க' என்றால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். தண்ணி மோட்டாரைப் பாத்துக்கோங்க, கேஸ்காரனைப் பாத்துக்கோங்க என்றெல்லாம் சொல்கிறார்களே, அங்கே என்ன அர்த்தம்? சுகந்தியிடம் கேட்டேன். "இப்ப இலக்கணமா முக்கியம்?" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிடுங்கிய இலைச்செடிகள் வாளியில் உயிரோடுதான் இருக்கின்றன. பாலக்கரையில் மீன்கடை வைத்திருக்கும் ஜாஹிர் பாயிடம் ஒன்றைக் காட்டினேன். "அனுபியாஸ், சார். நல்ல செடி, சாகவே சாகாது" என்றார். அலங்காரக் கல் ஒரு பை வாங்கிவந்து தொட்டியின் அடியில் பரப்பி, செடிகளை வரிசையாக நட்டேன். தஞ்சாவூர் ஜில்லாவில் நாற்று நட்ட பரம்பரை. கை பேசியது.

தூரிகா தண்ணீர் குடிக்க வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். எதுவோ சொல்ல வாயெடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

கரூரிலிருந்து பரிமளா அண்ணி போன் செய்தார். அண்ணி என்பது சுகந்தி கூப்பிடும் முறை. ஞானவேலின் அக்கா, தூரிகாவுக்கு அத்தை. எனக்கு என்ன உறவு என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. ஸ்பீக்கரில்தான் பேசினார்கள், நான் ஒட்டுக்கேட்கவில்லை.

"பரிட்சை முடிஞ்சதும் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் சுகந்தி. பத்தாவது இங்கயே படிக்கட்டும். அங்க அதுக்கு ஒட்டுதல் இல்லேன்னு சொல்றாளே."

"அவ இஷ்டம் அண்ணி" என்றாள் சுகந்தி.

பிறகு வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். இரவுக்கு உப்புமா. அதற்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.

எனக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவள் விருப்பம். கரூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. குளித்தலை வழியாகப் போவது சீக்கிரம். பொதுவாக விசாரித்து வைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சாகவே சாகாத செடி செத்துக்கொண்டிருக்கிறது. இலைகள் மஞ்சள். ஒன்றை இழுத்தால் அடித்தண்டு கையோடு கூழாக வருகிறது. அழுகிய வெண்டைக்காய் வாசனை. ஜாஹிர் பாயிடம் சண்டைக்குப் போனேன்.

"அதோட தண்டைப் புதைச்சீங்களா? புதைச்சா மூச்சு முட்டிரும் சார். அது கட்டையிலயோ கல்லுலயோ ஒட்டி வாழுற சாதி. வேரு தானா பிடிச்சிக்கும். அதுவரைக்கும் கட்டி வைக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா பாய்?"

"அன்னிக்கு நீங்க கல்லுதான சார் கேட்டீங்க."

என் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். தென்னூரில் டைல்ஸ் கடை மேலாளர். எந்தச் சுவரில் எந்தக் கல்லை எதைப் போட்டு ஒட்டினால் பேரன் காலம்வரை நிற்கும் என்று ஊருக்கே வகுப்பெடுப்பவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு செடியைக் கல்லில் ஒட்டத் தெரியாமல் மீன்கடையில் நிற்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

லால்குடி அக்கா போன்.

"அந்தப் புள்ள உன்னைய என்னான்னுடா கூப்புடுது?"

"கூப்புடல."

"அப்பான்னு கூப்புடச் சொல்லாத, பாவம். சித்தப்பான்னு சொல்லச் சொல்லு. அதுதான் முறை."

எதிர்வீட்டு அமுதவல்லி அக்கா கட்சி வேறு: அங்கிள்தான் நாகரிகம். சுகந்தியின் அம்மா 'சார்' போதும் என்கிறாராம். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திருச்சி ஜில்லாவே மாநாடு நடத்துகிறது. கூப்பிட வேண்டியவள் எந்தப் பெயரும் இல்லாமலே சமாளித்துக்கொள்கிறாள். வாசலில் ஆள் வந்தால் கதவை இரண்டு தட்டு தட்டுவாள். சாப்பாடு தயார் என்றால் என் தட்டில் கரண்டியால் ஒரு 'டங்'. நேற்று என் போன் அடித்தபோது அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஒரு செருமல். காண்டாமணியும் சங்கும் வைத்து எழுப்புகிற சாமிபோல ஆகிவிட்டேன்.

எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

கட்ட வேண்டும் என்றாரே, கட்டினேன். பூக்காரம்மாவிடம் வாழைநார் வாங்கி, நனைத்துக் கிழித்து, மிச்சமிருக்கும் செடிகளைக் கட்டையில் வரிசையாக வைத்து, பூ தொடுக்கிற முடிச்சு போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கல்யாண மாலை மாதிரி வந்திருந்தது. சுகந்தி பார்த்துவிட்டு, "கட்டைக்கு யாரோட கல்யாணம்?" என்றாள்.

மார்ச் 8, சனி

வாழைநார் தண்ணீரில் ஊறி அழுகிக் கொழகொழத்துவிட்டது. வீடு முழுக்கக் கருமாதி நடந்த குளத்து வாடை. தாசில்தார் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்து காற்று குடிக்கிறார். அரசாங்க அதிகாரியை அந்த நிலையில் பார்க்கப் பொறுக்கவில்லை. தண்ணீரை மாற்றி முடிக்க மதியமாகிவிட்டது. செடிகள் ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்து என்னைச் சுற்றி நின்றன.

தூரிகா கதவருகே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஈரத் தரையில் போட்டுவிட்டுப் போனாள். செருமல்கூட இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

என் துறைக்கே திரும்பினேன். கடையில் இருப்பதிலேயே உயர்ந்த டைல்ஸ் பசை. இந்தமுறை புத்தியாக முதலில் வாளித் தண்ணீரில் ஒரு கல்லை வைத்துப் பரிசோதனை. சிறிது நேரத்தில் வாளி முழுக்க மோராகிவிட்டது. கல் ஒட்டியது, வாளியோடு. இனி அந்த வாளிக்கு அந்தக் கல் நிரந்தரம். சுகந்திக்குத் தெரியாமல் வாளியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

"நீல வாளி எங்கங்க?"

மார்ச் 22, சனி

ரப்பர் பேண்ட். இரண்டு நாள் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக அறுந்து, கண்ணாடியில் டிக் டிக் என்று அடித்தது. மீன்கள் மிரண்டு மூலையில் குவிந்துவிட்டன. இந்தச் செடிகளுக்கு என்னதான் பிரச்சினை? பிடுங்கும்போது அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவை, இப்போது திரும்ப வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

மார்ச் 27, வியாழன்

இன்று ஒரு விஷயம் காதில் விழுந்தது. விழவில்லை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது, தூரிகா தோழியோடு போனில்.

"அம்மா ஷிஃப்டுக்குப் போயாச்சு. வீட்ல நானும் சுரண்டியும்தான்."

சிரிப்பு.

"இல்லடி, திட்டல்லாம் மாட்டாரு. சுரண்டி பாவம், இன்னும் அந்தச் செடியோட மல்லுக்கட்டிட்டு இருக்கு."

ஆக, எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால், அஃறிணையில். பிளஸ் டூ முடித்து, இருபது வருட அனுபவம் பெற்று, கடையில் நாற்பது பேர் 'சார் சார்' என்று சுற்றிவரும் ஆளுக்கு வீட்டில் கிடைத்த பட்டம் இது. அவமானம். துணியை உதறாமலே காயப்போட்டுவிட்டேன்.

'பாவம்' என்றும் சொன்னாள். அது எந்த அர்த்தத்தில் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியாது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எரிகின்றன.

ஜாஹிர் பாய் சிறு குழாயில் ஒரு பசை கொடுத்தார். தொட்டால் உடனே பிடித்துக்கொள்ளும் வகை. "ஒரு சொட்டு போதும் சார், நூலெல்லாம் தொல்லை" என்றார். மாதம் இரண்டாகிறது, நூல் என்ற வார்த்தையை அந்த மனுஷன் இன்றுதான் வாயில் எடுக்கிறார். அதையும் வேண்டாம் என்று சொல்வதற்காக.

ஒரு சொட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. வெளியே வந்தது தாராளமாக. செடி கல்லில் ஒட்டவில்லை. செடி என் கட்டைவிரலில் ஒட்டியது. கல் என் ஆள்காட்டி விரலில் ஒட்டியது. பிரிக்கப் போனபோது இரண்டு விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஆக, இத்தனை மாத முயற்சியில் செடியும் கல்லும் ஒருவழியாகச் சேர்ந்தன. நடுவில் நான்.

சுகந்தி ஷிஃப்டில். அமுதவல்லி அக்காவிடம் போனால் மாலைக்குள் மன்னார்புரம்வரை தெரிந்துவிடும். முழங்கையால் தூரிகாவின் கதவைத் தட்டினேன். சயின்ஸ் புத்தகத்தோடு திறந்தாள். என் கையைப் பார்த்தாள். கையிலிருந்து முளைத்திருந்த செடியைப் பார்த்தாள்.

"அசையாதீங்க" என்றாள்.

நேராக என்னிடம். என் முகத்தைப் பார்த்து.

துணி அலமாரிக்கு அடியில் கையை விட்டு நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை எடுத்தாள். அவர்கள் பள்ளியில் நகப்பூச்சுக்குத் தடை. சுகந்தி வீட்டிலும் தடை. பஞ்சில் நனைத்து விரலிடுக்கில் மெதுவாகத் தேய்த்தாள்.

"அம்மாகிட்ட இது என்கிட்ட இருக்குன்னு சொல்லாதீங்க."

"எது?" என்றேன்.

வாயின் ஒரு ஓரம் லேசாக மேலே போனது. அதைச் சிரிப்பென்று பதிவு செய்யலாமா, தெரியவில்லை. செருமலைவிட மேலானது.

"ரொம்ப இழுக்காதீங்க, தோல் வந்துரும்" என்றாள். பிறகு பஞ்சைப் பார்த்தபடி, "அப்பா தைக்கிற நூல்லதான் கட்டுவாரு. பருத்தி நூல். வேரு பிடிச்சதும் நூல் தானா இத்துப் போயிரும். எடுக்கவே வேணாம்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே."

ஜாஹிர் பாயின் பதில். இந்த ஊரில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

கேட்கவில்லை என்பது உண்மைதான். யாரிடம் கேட்பது, எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது?

ஏப்ரல் 24, வியாழன்

தூரிகாவுக்குப் பரிட்சை முடிந்துவிட்டது. பரிமளா அண்ணி அடுத்த மாதக் கடைசியில் கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம். அண்ணி வருவதற்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று சுகந்தி இப்போதே ஆரம்பித்துவிட்டாள். நேற்று ஒட்டடை, இன்று குளியலறை. எனக்கு லீவு, ஆகையால் குளியலறை எனக்கு. பிரஷும் கையுமாக இருந்தபோது போன்.

"ஏங்க, தூரிகா ரூம் ஜன்னல்ல ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கும். பாத்துக்கோங்க."

போய்ப் பார்த்தேன். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். உள்ளே பாதி தண்ணீர். தண்ணீர் முழுக்கப் பச்சையாக, பஞ்சு பஞ்சாகப் பாசி. கண்ணாடி ஓரத்தில் வேறு வழவழவென்று ஒரு படலம். ஒரு இழுப்பு இழுத்தால் பளிச்சென்று வந்துவிடும். பிரஷ் கையிலேயே இருந்தது. கை தானாக மூடியைத் திருகியது.

அப்புறம் அந்த 'பாத்துக்கோங்க' காதில் திரும்ப ஒலித்தது.

சுகந்தியைத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பாட்டிலைக் கழுவவுமில்லை, இருந்த இடத்தில் வைக்கவுமில்லை. வைத்துவிட்டுப் போனால் வேறு யாராவது, அதாவது நானே, பிற்பாடு மறந்துபோய்க் கழுவிவிட்டால்? மடியில் வைத்துக்கொண்டு தூரிகாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து இரண்டு போன் வந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது, பாட்டிலுக்குக் காவல் என்றா?

தூரிகா தோழி வீட்டிலிருந்து வந்தாள். என் மடியில் பாட்டில், கையில் பிரஷ். அவள் முகம் அன்றைக்கு மரக்கட்டையைப் பார்த்த முகம்.

"கழுவிட்டீங்களா?"

"இல்ல. கேட்டுட்டுக் கழுவலாம்னு உக்காந்திருக்கேன்."

வந்து பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. அதற்கு வெயில் காரணமாக இருக்கலாம்.

"இது அப்பாவோட பாசி."

"அது சாக்கடையோட போயிருச்சுன்னு நெனச்சேன்."

"வாளி ஓரத்துல கொஞ்சூண்டு ஒட்டியிருந்துச்சு. நகக்கண்ணு அளவுதான். எடுத்து வெச்சேன். இப்ப வளந்திருக்கு."

"தொட்டியில வெச்சிருக்கலாமே?"

மூடியை இறுக்கினாள். பிறகு, "கரூருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு பாட்டில்தான் வசதி" என்றாள்.

அது சரிதான். பாட்டில் வசதிதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலும் சுகந்தியின் தையல் டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளை நூல்கண்டும் மேஜைக்கு வந்தன. பின்னாலேயே தூரிகா.

"தனியா கட்ட முடியாது. ஒருத்தர் பிடிக்கணும்."

யாரிடம் சொன்னாள் என்பது தெளிவு. சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள்.

கட்டையை வெளியே எடுத்தோம். பாட்டிலிலிருந்து பாதிப் பாசியை விரலால் பிரித்து, தோசை மாவு மாதிரி மெல்லிசாகக் கட்டைமேல் பரப்பினாள். மொத்தமாக வைத்தால் அடியில் இருப்பது வெளிச்சமில்லாமல் செத்துப்போகுமாம். மிஞ்சியிருந்த மூன்று அனுபியாஸையும் கிளைக்கவட்டில் வைத்தாள். என் விரலை எடுத்து ஒரு இடத்தில் வைத்து, "இங்க அழுத்துங்க" என்றாள்.

"இப்படியா?"

"நசுக்காதீங்க. டைல்ஸ் இல்ல."

நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். இறுக்கவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க. நீங்க பேசினா கை ஆடுது."

பேசாமல் இருந்தேன். என் வாழ்நாளில் அதிக நேரம் பேசாமல் இருந்தது இன்றாகத்தான் இருக்கும். அவள்தான் பேசினாள். அப்பா கட்டும்போது விரல் வைப்பது அவளுடைய வேலையாம். அவளுக்கு மூக்கு அரிக்கும் நேரம் பார்த்துத்தான் அவர் முடிச்சுப் போட மறந்துபோவாராம். தாசில்தார் வந்த புதிதில் தீப்பெட்டியில் அடங்கும் அளவுதான் இருந்தாராம். எனக்கும் மூக்கு அரித்தது. அசையவில்லை.

சுகந்தி தலையில் துண்டோடு வந்து எங்களைப் பார்த்தாள். திரும்பவும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் முகம் கழுவுவாளோ. இந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வருவது இப்படித்தான்.

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. ஜன்னலுக்கே திரும்பிப் போய்விட்டது.

மே 11, ஞாயிறு

கட்டையில் நூல் நூலாகத்தான் தெரிகிறது. பாசி அப்படியே படுத்திருக்கிறது. பிடித்ததா இல்லையா என்று இழுத்துப் பார்க்கக் கூடாதாம். "இழுத்துப் பாத்தா எப்படிப் பிடிக்கும்?" என்று ஒரு அதட்டல். நான் இழுக்கவில்லை. லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான்.

மே 24, சனி

நாளை அண்ணி வருகிறார். தூரிகாவின் பெட்டி ஹாலில். இரண்டு பை. புத்தக மூட்டை. நான் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. மூட்டையில் கயிறு சரியாக இல்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அதை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

ஜன்னலில் ஊறுகாய் பாட்டிலைக் காணோம். பைக்குள் போய்விட்டது போலிருக்கிறது.

மே 25, ஞாயிறு

காலையில் காபி போடச் சமையலறைக்குப் போனேன். பாத்திரக் கூடையில் ஊறுகாய் பாட்டில். கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறது. யார் கழுவினார்கள்? நிச்சயமாக நான் இல்லை. பாட்டில் என்றால் கழுவத்தான் கழுவுவார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று யோசித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

பதினொரு மணிவாக்கில் அண்ணி வந்தார். தட்டுவடை, முறுக்கு, தூரிகாவுக்கு இரண்டு சுடிதார். நல்ல மனுஷி. வந்த இடத்தில் சும்மா உட்காரத் தெரியாதவர். காபி ஆறுவதற்குள் எழுந்து ஹாலைச் சுற்றிவந்தார்.

"தம்பி, வீடு சுத்தமா வெச்சிருக்கீங்க. என் தம்பி இருந்தவரைக்கும் வீடெல்லாம் ஈரமா கெடக்கும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொட்டிப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். கட்டையில் நேற்று இருந்ததைவிட இரண்டு மடங்கு பாசி இருப்பதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"இது மட்டும் ஏன் இப்படிப் பாசி புடிச்சுக் கெடக்கு? சுகந்தி, ஒரு நாரு குடு, நிமிஷத்துல தேச்சு விட்டுர்றேன்."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டியின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டுவிட்டார்.

"தொடாதீங்க" என்று நானும் தூரிகாவும் ஒரே குரலில் கத்தினோம். அண்ணி பயந்து கையை எடுத்ததில் தண்ணீர் அவர் ஜாக்கெட்டெல்லாம்.

"என்னடி இது, பாம்பா இருக்கு உள்ள?"

"அது அப்பாவோட பாசி அத்தை."

"பாசியில என்னடி அப்பா பாசி, சித்தப்பா பாசி?"

தூரிகா தொட்டிக்கும் அத்தைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுரண்டி, அந்த மூடியை மூடுங்க. லைட்டையும் போடுங்க."

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தூரிகாவுக்கே அப்போதுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், காது மடல் சிவந்துவிட்டது. நான் மூடியை மூடினேன். லைட்டைப் போட்டேன்.

"யாரைடி சுரண்டிங்கற?"

"இவரைத்தான்."

"பெரியவங்களை அப்படியா கூப்புடுவாங்க?"

"பரவால்லக்கா" என்றேன். "'ங்க' போட்டுத்தான கூப்புடுது."

அண்ணி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "சரி, கெளம்பு. பொழுதோட போயிரலாம்."

தூரிகா சுடிதார் கவரை மடித்துக்கொண்டே இருந்தாள். மடிப்பதற்கு அதில் மேற்கொண்டு இடமில்லை.

"அத்தை, கட்டையில நூல் இன்னும் இருக்கு. வேரு பிடிக்கல. நான் போனா யாரு பாத்துப்பாங்க? அம்மாவுக்கு ஷிஃப்ட். இவரை நம்பி விட முடியாது. இழுத்து இழுத்துப் பாப்பாரு."

"லேசாத் தொட்டேன்" என்றேன்.

"பாத்தீங்களா?"

"அந்த நூலு எப்படி அறும்?" என்றார் அண்ணி.

"அதுவா அறும். அவசரப்படுத்தக் கூடாது. நூல் விழுந்ததும் வரேன் அத்தை."

அண்ணி தொட்டிப் பக்கம் திரும்பினார். தொட்டிக்குள் தாசில்தார் இடம் மாறிக் கட்டையில் வந்து ஒட்டிக்கொண்டார். "இது இன்னும் இருக்கா?" என்று கேட்டார் அண்ணி. "ம்" என்றாள் தூரிகா. சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்து, தனியாகத்தான் கிளம்பினார். காரில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளையப் பாத்துக்கோங்க தம்பி" என்றார். எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

லாரி சாமான்கள் மாதிரி ஹாலில் கிடந்த பைகளை அவளே உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். புத்தக மூட்டையை அவிழ்க்க முடியவில்லை. "யாரு இப்படிக் கட்டினது?" என்று உள்ளிருந்து சத்தம்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டது. யூனிஃபார்ம் நீளம் போதவில்லை, அடி மடிப்பைப் பிரித்துத் தைக்க வேண்டும். சுரண்டி, பெல்ட் எங்க. சுரண்டி, தண்ணி பாட்டில். சுரண்டி, ரிக்‌ஷாக்காரர் ஹார்ன் அடிக்கறாரு. காலையில் நிம்மதியாகப் பேப்பர் படித்த காலம் ஒன்று இருந்தது.

ஜூலை 16, புதன்

நூல் அறுந்துவிட்டது.

தூரிகா பள்ளிக்குப் போனபின் தொட்டிக்குச் சாப்பாடு போடப் போனேன். வெள்ளை நூல் துண்டு ஒன்று தண்ணீர்மேல் மிதந்தது. கட்டையில் மிச்சமும் இத்துப்போய்த் தொங்குகிறது. பாசி கட்டையைக் கவ்விக்கொண்டு ஆடுகிறது. அனுபியாஸின் வேர்கள் கிளையைச் சுற்றிப் போயிருக்கின்றன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

மிதந்த நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று, சுகந்தியின் தையல் டப்பாவிலிருந்து வெள்ளை நூல் எடுத்து, கட்டையில் பழைய இடத்திலேயே மூன்று சுற்று சுற்றினேன். பல்லால் கடித்துக்கொண்டு தனியாக முடிச்சுப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். கடைக்கு நேரமாகிவிட்டது. முதல் தடவையாக ஓனரிடம் திட்டு வாங்கினேன்.

ஜூலை 19, சனி

தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்தேன். என் வெள்ளை நூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நூல். நீலம். யூனிஃபார்ம் தைக்கிற நீலம். என்னைவிட நேர்த்தியான முடிச்சு.

தேவையே இல்லாத வேலை. செடிதான் பிடித்துக்கொண்டுவிட்டதே. கட்டை இப்போது பலகாரப் பொட்டலம் மாதிரி இருக்கிறது. நூலை வீணாக்குவதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தேன். எதிரில் தூரிகா இட்லியில் குனிந்திருந்தாள். கேட்கவில்லை.

"என் தையல் டப்பாவுல வெள்ளையும் காணோம், நீலமும் காணோம்" என்றபடி சுகந்தி ஹாலுக்கு வந்தாள். "யாரு எடுத்தது?"

நானும் தூரிகாவும் ஒரே சமயத்தில் தாசில்தாரைப் பார்த்தோம்.